டொயோட்டா 86 கிளட்ச்: எப்போது மாற்றலாம், எதுவரை விடலாம்?

கிளட்ச் எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று கேட்டால் யாராலும் ஒரு எண்ணைச் சொல்லிவிட முடியாது. ஒரே வருடம் பதிவான, ஒரே மாடல் வண்டி இரண்டில் ஒன்றுக்கு அறுபதாயிரத்தில் கிளட்ச் பிளேட் தேய்ந்து முடிந்துபோகும். இன்னொன்று ஒன்றரை லட்சத்தைத் தாண்டியும் சொகுசாக ஓடும். வண்டி எங்கே ஓடியது, யார் கால் வைத்து ஓட்டினார் என்பதுதான் கணக்கு. என்னுடைய 86ஐப் பல வருடமாக ஓட்டி, கிளட்ச் தேய்ந்ததையும் பார்த்து, மாற்றி, அதற்குப் பிறகும் ஓட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. பெடல் எந்த உயரத்தில் பிடிக்கிறது, என்ன சத்தம் வருகிறது என்பதெல்லாம் சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். மாற்றத்தான் வேண்டும் என்று சொல்வது, மேல் கியரில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது நழுவுகிறதா என்பது மட்டுமே.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக. 2013இல் பதிவானது, நான் வாங்கியபோது பழைய வண்டி. இரண்டு லிட்டர் பாக்ஸர் இன்ஜின், 200 குதிரைத்திறன், 205 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை), ஆறு கியர் மேனுவல், பின் சக்கர இழுப்பு. டர்போ கிடையாது. சுபாரு பிஆர்இசட் இதன் உடன்பிறப்பு என்பதால் நான் சொல்வது அதற்கும் பொருந்தும். இந்த இன்ஜினின் டார்க் கம்பெனி கிளட்சுக்கு ஒரு பாரமே இல்லை. ஆகவே சிங்கப்பூரில் இந்த வண்டியின் கிளட்ச் தேய்கிறது என்றால் அதற்குக் காரணம் வேகம் அல்ல, நெரிசல்.

நெரிசல் என்றால் மத்திய விரைவுச்சாலையின் மாலை நேரத்தைச் சொல்லவில்லை. அதில் இரண்டாவது கியரில் உருட்டிக்கொண்டே போய்விடலாம். நான் சொல்வது மலேசியாவுக்குக் கடக்கும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜோகூர் பாலத்தில் ஏறினால் ஒரு வண்டி நீளம் நகர்வோம், நிற்போம், மறுபடி ஒரு வண்டி நீளம். இடைவெளி விட்டால் பக்கத்துத் தடத்திலிருந்து ஒருவர் நுழைந்துவிடுவார் என்பதால் எல்லோரும் ஒட்டி ஒட்டிப் போவார்கள். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இது சலிப்பு மட்டும். மேனுவலுக்கு ஒவ்வொரு நகர்வும் ஒரு ஹாஃப் கிளட்ச். பிளேட்டும், இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஃபிளைவீலும் வேறு வேறு வேகத்தில் உரசிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு விநாடியில்தான் தேய்மானம் எல்லாமே. சூடு ஆறுவதற்குள் அடுத்த நகர்வு வந்துவிடும். ஒரு தீபாவளி வார இறுதியில் பாலத்தைக் கடந்தால் கிளட்சுக்கு ஏற்படும் தேய்மானம், தீவு விரைவுச்சாலையில் ஒரு மாதம் ஓட்டினாலும் ஏற்படாது என்பது என் அனுபவம். அடுத்த இடத்தில் வருவது வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடுகள்) பலமாடி கார் நிறுத்துமிடங்களின் சுற்றுப்பாதைகள். முன்னால் போகிறவர் ஏற்றத்தில் நின்று இடம் தேடினால் நாமும் அங்கேயே நிற்க வேண்டும். அப்போது கிளட்சால் வண்டியைத் தாங்கிப் பிடிக்காமல் ஹேண்ட்பிரேக் போட்டுவிடுங்கள். இந்த ஒரு பழக்கத்திலேயே பிளேட்டின் ஆயுள் கூடும்.

சரி, அறிகுறிகளுக்கு வருவோம். இங்கேதான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள்.

கிளட்சில் இரண்டு விதமான கோளாறு உண்டு. ஒன்று, பிடிக்க மறுப்பது. இன்னொன்று, விட மறுப்பது. பிளேட் தேய்ந்தால் பிடிக்க மறுக்கும், அதாவது நழுவும். பெடலின் அழுத்தத்தைத் திரவம் வழியாகக் கிளட்சுக்குக் கடத்தும் ஹைட்ராலிக் பக்கம் கெட்டால் விட மறுக்கும். பெடலை முழுக்க மிதித்தாலும் முதல் கியர் விழாது, ரிவர்ஸ் கரகரக்கும். இரண்டையும் ‘கிளட்ச் போச்சு’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள், வைத்தியமோ வேறு வேறு. என் வண்டியில் முதலில் வந்தது இரண்டாவது வகை. சிக்னலில் நின்றால் முதல் கியர் விழ அடம்பிடித்தது, பெடல் தரைக்குப் பக்கத்தில் போய்த்தான் விட்டது. நான் காட்டிய ஒரு வொர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், கியர்பாக்ஸை இறக்கி முழு செட்டும் மாற்ற வேண்டும் என்று விலை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. காக்கி புக்கிட்டில் ஒரு மெக்கானிக் இருக்கிறார், மலேசியத் தமிழர், என் அப்பா வயது. அவரிடம் கொண்டுபோனேன். வண்டியை லிஃப்டில் ஏற்றி, கியர்பாக்ஸ் பக்கவாட்டில் இருக்கும் சின்ன சிலிண்டரைக் காட்டினார்.

“தம்பி, பிளேட்ட அப்புறம் பாக்கலாம். மொதல்ல கீழ வந்து இத பாரு.”

சிலிண்டர் முனையில் தூசிக்காகப் போட்டிருக்கும் ரப்பர் உறையை விரலால் லேசாக விலக்கினார். உள்ளே கறுப்பாக ஈரம். விரலில் எடுத்துத் தேய்த்துக் காட்டினார். கிரீஸ் இல்லை, பிரேக் திரவம். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்து கசிந்திருக்கிறது. நான் பெடலை மிதிக்கும் அழுத்தத்தில் ஒரு பங்கு அந்த வழியாக வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

“அப்ப பிளேட், அண்ணே?”

“அது இன்னும் ஓடும். நழுவ ஆரம்பிச்சா நீயே வந்து சொல்லுவ.”

அந்தச் சிலிண்டரை மாற்றி, திரவத்தையும் புதிதாக ஊற்றிக் காற்றெடுத்ததோடு விஷயம் முடிந்தது. கியர்பாக்ஸை இறக்கும் வேலைக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லாத செலவு. அதற்குப் பிறகும் அதே பிளேட் நீண்ட காலம் உழைத்தது. பிரேக் திரவம் ஈரத்தை இழுக்கும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்துக்கு, கிளட்ச் பக்கத் திரவத்தையும் பிரேக்கோடு சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. நிறைய இடங்களில் பிரேக்கில் மட்டும் மாற்றிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

பெடல் பிடிக்கும் உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘மேலே வந்து பிடிக்குது, பிளேட் முடிஞ்சுது’ என்பது எல்லோரும் சொல்வது. ஹைட்ராலிக் கிளட்சில் தேய்மானத்துக்கு ஏற்பச் சிலிண்டரின் பிஸ்டன் தானாகவே நகர்ந்து கொடுக்கும். அதனால் உயரத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 86இல் கம்பெனியிலிருந்து வரும்போதே கொஞ்சம் மேலேதான் பிடிக்கும். அந்த உயரம் ஒத்துவராமல் பெடலோடு சேர்ந்த கம்பியைத் திருகி இறக்கிக்கொள்பவர்கள் உண்டு. அப்படிச் செய்யும்போது பெடலின் தொடக்கத்தில் சும்மா அசையும் அந்தச் சின்ன இடைவெளி போய்விட்டால், காலை எடுத்த பிறகும் கிளட்ச் லேசாக மிதிபட்டே இருக்கும். நல்ல பிளேட்கூட நழுவும். பழைய வண்டி வாங்கியவர்கள், பிளேட்டைக் குறை சொல்வதற்கு முன் இதைக் கையால் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

சத்தம்: 86, பிஆர்இசட் ஓட்டுபவர்கள் நிறையப் பேருக்குத் தெரிந்த ஒன்று, நியூட்ரலில் நிற்கும்போது கிரிக்கெட் பூச்சிபோல வரும் கீச்சொலி. பெடலில் பாதத்தை லேசாக வைத்தால் நின்றுவிடும். பெடலை மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கும் அது உட்காரும் ஃபோர்க்கும்தான் காரணம். இதற்காக மட்டும் கியர்பாக்ஸை இறக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. கீச்சொலி கரகரப்பாக மாறினாலோ, மிதிக்கும்போது காலில் அதிர்வு தெரிந்தாலோ, அப்போது தள்ளிப்போடக் கூடாது.

இனி நழுவல். மலேசியாவின் காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் ஆறாவது கியரில் போய்க்கொண்டிருந்தபோது முதல்முறை உணர்ந்தேன். ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளியது, முதுகில் தள்ளல் இல்லை, அப்புறம் முள் இறங்கி வந்து சேர்ந்துகொண்டது. மழையில் இரண்டாவது கியரில் இப்படி நடந்தால் அது டயர் சுழல்வதாக இருக்கலாம். காய்ந்த சாலையில், ஆறாவது கியரில், அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

உணர்வை நம்பி இவ்வளவு பெரிய செலவில் இறங்க எனக்கு விருப்பமில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் சின்னக் கருவி ஒன்றைச் செருகி, ஆர்பிஎம்மையும் வேகத்தையும் போனில் பதிவு செய்தேன். மேனுவல் வண்டியில் கிளட்ச் முழுதாகப் பிடித்திருந்தால் ஒரு கியருக்கு இவை இரண்டின் விகிதம் மாறவே முடியாது. என் வண்டியின் கியர் விகிதத்துக்கும் டயர் அளவுக்கும் ஆறாவது கியரில் மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ 2400 ஆர்பிஎம். மென்மையாக ஓட்டிய இடங்களில் எல்லாம் கோடு அப்படியே நேராக இருந்தது. ஏற்றத்தில் முழுதாக அழுத்திய இடங்களில் மட்டும், வேகம் நகராமல் ஆர்பிஎம் முந்நூறு நானூறு மேலே ஏறித் திரும்பியது. புக்கிட் தீமா விரைவுச்சாலையில் வேக வரம்புக்குள்ளேயே அழுத்திப் பார்த்தபோதும் அதேதான், கொஞ்சம் குறைவாக. திரும்பத் திரும்பச் செய்தும் அதே இடத்தில் அதே மாதிரி நடக்கிறது என்றால் வேறு சாட்சி வேண்டாம்.

கீழ் கியர்களில் ஏன் தெரியவில்லை என்றால், அங்கே வண்டி சட்டென்று வேகமெடுத்துவிடுகிறது. இன்ஜின் டார்க்கில் ஒரு பங்கு ஃபிளைவீலைச் சுழற்றுவதற்கே போய்விடும், மிச்சமும் கிளட்ச் மேல் நிற்கும் நேரம் குறைவு. மேல் கியரில் முழு டார்க்கும் நீண்ட நேரம் கிளட்ச் மேல் உட்கார்ந்திருக்கும். ஆகவே ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்குப் பிளேட் முடியும் தறுவாயில்தான் தெரியவரும். சிலர் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்சை விட்டு இன்ஜின் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அது பாதி தேய்ந்த பிளேட்டைக் கருக்கும் வழி. நான் செய்வதில்லை, யாருக்கும் சொல்வதுமில்லை.

நழுவல் உறுதியான பிறகு தள்ளிப்போடுவதில் லாபம் கிடையாது. நழுவினால் சூடு, சூட்டில் பிளேட்டின் மேற்பரப்பு கண்ணாடிபோல வழவழப்பாகும், அதனால் இன்னும் நழுவும். அந்தச் சூடு ஃபிளைவீலையும் விட்டுவைக்காது.

ஆனால் சிங்கப்பூரில் இன்னொரு கணக்கு இருக்கிறது, சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் பத்து வருட உரிமம். பத்து வருடம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டுமானால் கடைசி மூன்று மாத ஏல விலைகளின் சராசரியைக் கட்ட வேண்டும், ஐந்து வருடத்துக்கு என்றால் அதில் பாதி. பத்து வருடத்துக்குள் பதிவை நீக்கினால் திரும்பக் கிடைக்கும் பார்ஃப் கழிவை மறந்துவிட வேண்டியதுதான். ஐந்து வருடம் எடுத்தவர் மறுபடி புதுப்பிக்க முடியாது. பத்து வயதைத் தாண்டிய வண்டிக்குச் சாலை வரியும் வருடா வருடம் பத்து விழுக்காடாக ஏறி ஐம்பது விழுக்காடு வரை கூடும், சோதனையும் ஆண்டுதோறும். (அந்தச் சோதனையில் பிரேக், புகை எல்லாம் பார்ப்பார்கள், பிளேட்டின் கனத்தை யாரும் பார்ப்பதில்லை.) 2023இல் நான் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். அந்த வருடம் அக்டோபரில் இந்த வண்டி சேரும் பி பிரிவின் சிஓஇ ஏல விலை 150,001 வெள்ளியைத் தொட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அப்படிக் கட்டி வாங்கிய ஐந்து வருடத்தைப் பாதி உயிர் கிளட்சோடு ஓட்டுவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று புரியும். எனக்கு வருடங்கள் மீதி இருந்தன, மாற்றிவிட்டேன். சிஓஇ முடியச் சில மாதம்தான் இருக்கிறது, கீச்சொலி மட்டும்தான், நழுவல் இல்லை என்றால் நான் தொடவே மாட்டேன். நழுவலும் இருக்கிறது, மாதங்களும் குறைவு என்றால், பாலத்தைத் தாண்டாமல் உள்ளூரில் மென்மையாக ஓட்டி முடித்துவிடலாம். அந்த நிலையில் ஜோகூர் நெரிசலுக்குள் மட்டும் போகாதீர்கள்.

ஜோகூர் பாருவில் கூலி குறைவு, உண்மைதான். நானும் டயர், ஆயில் எல்லாம் அங்கே மாற்றுகிறேன். முக்கால் டாங்க் பெட்ரோலோடு கிளம்பினால் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். கிளட்சை மட்டும் இங்கேயே செய்தேன். கியர்பாக்ஸ் திறந்த பிறகுதான் பாதி முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கும், அப்போது பக்கத்தில் நிற்க வேண்டும்.

திறந்தபோது பிளேட்டில் ரிவெட் தலைகளுக்கு மேல் நகக்கண் அளவுகூட மிச்சமில்லை. ஃபிளைவீலில் நீலத் திட்டுகள், ஆனால் மயிரிழை வெடிப்பு இல்லை. அதனால் லேத்தில் கடைந்து சமப்படுத்தி அதையே போட்டோம். வெடிப்பு இருந்திருந்தால் புதியதுதான் வாங்கியிருப்பேன். செலவில் பெரும்பகுதி கழற்றி மாட்டும் கூலி என்பதால், பிளேட், பிரஷர் பிளேட்டோடு ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், ஃபோர்க் எல்லாவற்றையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். அந்த எண்ணெய் புதுப் பிளேட்டில் பட்டால் அதுவும் வீண். கனம் குறைந்த ஃபிளைவீல், ரேஸ் கிளட்ச் எல்லாம் போடச் சொல்லி நண்பர்கள் ஆசை காட்டினார்கள். வாரக் கடைசியில் பாலத்தில் ஊர்ந்து போகிற வண்டிக்குச் சட்டென்று கவ்வும் கிளட்ச் ஒரு தொல்லை. கம்பெனி செட்டே போதும் என்று உறுதியாக நின்றேன், இன்றைக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

மாற்றியதும் முதலில் தெரிந்தது பெடலின் கனம் குறைந்தது. பிளேட் தேயத் தேய பெடல் இறுகிக்கொண்டே வந்திருக்கிறது, தினமும் மிதிக்கும் காலுக்கு அது உறைக்கவில்லை. முதல் சில நூறு கிலோமீட்டருக்கு முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் ஊருக்குள் ஓட்டிப் பழக்கினேன். அப்புறம் அதே கருவியைச் செருகி அதே புக்கிட் தீமா ஏற்றத்தில் அழுத்திப் பார்த்தேன். ஆர்பிஎம்மும் வேகமும் ஒட்டியபடியே ஏறின. கீச்சொலியும் இல்லை. காலையில் வண்டி சூடாகும் முன் இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது மட்டும் அப்படியே இருக்கிறது. அது இந்தக் கியர்பாக்ஸின் சுபாவம், கிளட்ச் மாற்றி அதைச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்.