அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்த ஆஸ்பத்திரி: வேலை சுத்தம், போனில்தான் குறை

ஆனி மாதம், விடியக்காலம். அம்மாவுக்கு நெஞ்சைப் பிடித்துவிட்டது. அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரி பெயரை எழுத மனசில்லை. குறை சொல்லப்போகிறேன், ஆனால் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்ததும் அவர்கள்தான்.

போன ஒரு மணி நேரத்துக்குள் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாயில் அடைப்பு எங்கே என்று காட்டும் படம்) பார்த்து, ஒரு மருந்துப் பூச்சு ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். அடைப்பை விரித்துப் பிடிக்கும் சின்னக் கம்பிவலைக் குழாய் அது. ராத்திரி டியூட்டி நர்ஸ் "ஆச்சி, கையை மடக்காதீங்க, ரத்தம் கசிஞ்சிரும்" என்று நாலைந்து தடவை வந்து சொல்லிவிட்டுப் போனது. பில்லில் ஸ்டென்ட் விலையைத் தனியாகப் போட்டிருந்தார்கள். 2017-இல் அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு வைத்ததிலிருந்து அப்படித்தான் போட வேண்டும்.

வீட்டுக்கு வந்த ஆறாம் நாள் வயிற்றிலும் தொடையிலும் சிவப்பாகத் தடித்து, ஒரே அரிப்பு. அம்மாவுக்குக் கவரிங் கம்மல் ஒத்துக்கொள்ளாது, காது புண்ணாகி நீர் வடியும். உள்ளே வைத்ததும் உலோகம்தானே என்று எல்லோருக்கும் பயம். மைனி, "அந்தக் கம்பியை எடுத்திரச் சொல்லுங்க" என்று அழுதாள். எடுக்க முடியாது. ரத்தக்குழாயின் உள்தோல் அதன்மேல் வளர்ந்து மூடிவிடும்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எடுத்த பையன், "ரெண்டு நாள் மாத்திரையை நிப்பாட்டிப் பாருங்க" என்றான். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஸ்டென்ட் வைத்த புதிதில், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துவிடும். டிஸ்சார்ஜ் அன்று டாக்டரே விரலை நீட்டிச் சொன்னது காதில் இருந்ததால் நான் நிறுத்தவில்லை. மறுநாள் ஓ.பி.யில் அதே டாக்டரைப் பார்த்தோம். குளோபிடோக்ரலுக்கே இப்படித் தடிப்பு வரும் என்றார். ஒருநாள்கூட இடைவெளி விடாமல், அதே வேலை செய்யும் டிகாக்ரெலார் என்ற மாத்திரைக்கு மாற்றினார். பத்து நாளில் தோல் சுத்தமாகிவிட்டது.

கம்மல் விஷயத்தையும் கேட்டார். பாளையங்கோட்டையில் தோல் டாக்டரிடம் பேட்ச் டெஸ்ட்டுக்கு (எந்தப் பொருள் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது என்று பார்ப்பது) அனுப்பினார். முதுகில் வரிசையாக வில்லை ஒட்டி, 48 மணி நேரம் நனையக் கூடாது என்றார்கள். தினமும் ஆற்றில் முங்கிக் குளித்த உடம்பு, அம்மா தவித்துப் போனாள். வில்லையைப் பிரித்தபோது, கவரிங் நகையில் கலக்கும் நிக்கல் என்ற உலோகம் இருந்த இடம் மட்டும் காசளவு தடித்து, சின்னச் சின்னக் கொப்புளமாக இருந்தது.

பயந்துபோய்க் கேட்டோம். இதய டாக்டர் ஸ்டென்ட் கார்டை (எந்த ஸ்டென்ட் வைத்தார்கள் என்று எழுதிக் கொடுக்கும் அட்டை) எடுத்துப் பார்த்து, பொறுமையாகச் சொன்னார். ஸ்டென்ட் கோபால்ட்-குரோமியம் கலவை, அதிலும் கொஞ்சம் நிக்கல் உண்டு. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஸ்டென்டுக்குள் மறுபடி அடைப்பு வரலாம் என்று 2000-ஆம் ஆண்டிலேயே லான்செட் மருத்துவ இதழில் ஜெர்மன் டாக்டர்கள் எழுதினார்களாம். பின்னால் வந்த ஆய்வுகளில் சில அதை ஒத்துச் சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, நெஞ்சு வலித்தால் மட்டும் உடனே வாருங்கள் என்றார். அந்தக் கார்டை இப்போது ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறோம்.

அட்மிஷன் ஃபாரத்தில் மருந்து ஒவ்வாமைக்குக் கட்டம் இருக்கிறது, உலோகத்துக்கு இல்லை. மாரடைப்பு நேரத்தில் டெஸ்ட் பண்ண நேரமிருக்காது, சரி. ஆனால் முன்கூட்டி நாள் குறித்து ஸ்டென்ட் வைத்துக்கொள்ள வருகிற நோயாளிகளிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே. போன செக்கப்பில் அம்மாவின் கேஸ் ஷீட்டில் எழுதச் சொன்னேன். அதே நர்ஸ் சிவப்பு மையில் 'நிக்கல் ஆகாது' என்று எழுதி, கீழே கோடு போட்டது.