துபாயிலிருந்து ஏற்காடு வரை: பூதவுடலைக் கொண்டுவரும் சேலம் முகவர் ஒருவரின் சேவை

துபாயில் பணியாற்றிவந்த எங்கள் சித்தப்பா மாரடைப்பால் காலமானபோது, அவருடைய உடலை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்து அப்பாயியின் கல்லறைக்கு அருகில் நல்லடக்கம் செய்வதற்காகச் சேலத்திலுள்ள ஒரு முகவர் நிறுவனத்தை அமர்த்தினோம். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

ஆவண வேலையில் அவர்களைக் குறை சொல்ல இடமே இல்லை. காவல்துறையின் அனுமதி, இறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டை ரத்து செய்து இந்தியத் துணைத் தூதரகம் வழங்கும் தடையில்லாச் சான்று, உடல் கெடாமலிருக்க மருந்தேற்றும் எம்பாமிங் செய்ததற்கான சான்று என ஒன்று கிடைத்தால்தான் அடுத்தது நகரும் இந்த வேலையில், ஒரு தாள் பிந்தினாலும் விமானம் தவறிவிடும். அவர்களுடைய துபாய் ஆள் ஒவ்வொரு தாளும் கைக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். இந்திய விமான நிலைய சுகாதார அலுவலகத்தின் அனுமதிக்காக 2023-இல் தொடங்கப்பட்ட இ-கேர் இணையதளத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்திருந்ததால், பெங்களூரு சரக்கு முனையத்தில் எங்களுக்குக் கையொப்பமிடுவதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை.

தொப்பூர் கணவாய் தாண்டிச் சேலம் வரும்வரையிலும் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மலைப்பாதைதான் அவர்கள் கணக்கில் இல்லை. 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதைக்கு, பெட்டியைப் பிணைக்கும் பட்டைகூட இல்லாத வண்டியை அனுப்பியிருந்தார்கள். சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகிய ஓட்டுநர் வளைவில் திருப்பிய திருப்பில் பெட்டி நழுவிப் பின்கதவில் மோதி நின்றது. பின்னால் ஜீப்பில் வந்த எஸ்டேட்காரர் ஒருவர் காபி மூட்டை கட்டும் கயிற்றைக் கொடுத்து, தாமே இறுக்கிக் கட்டியும் விட்டார்.

அதைவிடப் பெரிய சங்கடம் கல்லறைத் தோட்டத்தில் காத்திருந்தது. விமானத்தில் வரும் பெட்டி நம் ஊர்ச் சவப்பெட்டியைவிட நீளத்திலும் அகலத்திலும் பெரியது என்று யாரும் முன்பே சொல்லவில்லை. வழக்கமான அளவில் வெட்டிய குழிக்குள் அது இறங்கவில்லை. பங்குத்தந்தை செபப் புத்தகத்தை மூடிவைத்துக் காத்திருக்க, கல்லோடிய அந்த மண்ணைக் கடப்பாரையால் பெயர்த்துக் குழியை அகலப்படுத்தினார்கள். சித்தி அதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேர்ந்ததற்கு எந்தச் சமாதானமும் ஏற்கத்தக்கதன்று.

கட்டணத்தை ஒரே தொகையாகத்தான் எழுதியிருந்தார்கள். கேட்ட பிறகே விமானச் சரக்கு ரசீதின் நகல் வந்தது. வசதியற்ற குடும்பங்களுக்குத் தூதரகங்களிலுள்ள இந்திய சமுதாய நல நிதி உதவும் என்பதையோ, தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையை அணுகலாம் என்பதையோ அவர்களாகச் சொல்லவில்லை. வியாபாரம் என்றாலும், துக்க வீட்டில் அதையாவது சொல்லியிருக்கலாம்.

ஆவணங்களுக்கும் சேலம் வரையிலான பயணத்துக்கும் இவர்களைத் தயங்காமல் அமர்த்தலாம். மலைக்கு ஏற்காட்டு ஓட்டுநர் ஒருவரையே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பெட்டியின் நீள அகலத்தைத் துபாயில் மூடும்போதே கேட்டு வாங்கிக் குழி வெட்டுபவரிடம் சொல்லிவிடுங்கள்.