பித்தளைக் கம்பமா, குரோம் கம்பமா?

மும்பையில் செம்பூர், மாட்டுங்கா பக்கம், செங்குத்துக் கம்பத்தைப் பற்றி ஆடும் கம்ப நடனத்துக்கு (pole dance) ஒரு கூடம் தொடங்க எண்ணும் நம்மவர்கள் எந்த உலோகத்தை வாங்குவது என்று தயங்குகிறார்கள். கம்பத்தின் விட்டத்தில் (குறுக்களவில்) குழப்பம் வேண்டாம். 45 மில்லிமீட்டரே இன்று பரவலாக விரும்பப்படுகிறது.

பிடிமானம்: எனக்கு இதுவே முதன்மையானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரக்காற்றில் உள்ளங்கை வியர்க்கும்போது குரோம் பூச்சு வழுக்கும். பித்தளை தோலை நன்றாகப் பற்றிக்கொள்வதால், தலைகீழாகத் தொங்கப் பழகும் புதியவர்களுக்கு அது தரும் துணிவு பெரிது. ஆனால் வேகமாகச் சுழலும்போது அந்தப் பற்றே தோலை இழுத்து எரிச்சலூட்டும்.

விலை: குரோம் மலிவு, பித்தளை கூடுதல்.

பராமரிப்பு: குரோமைத் துடைத்தாலே போதும், பித்தளை கறுக்கும், எளிதில் கீறலும் விழும் என்பதால் அவ்வப்போது மெருகேற்ற வேண்டும்.

ஒவ்வாமை: குரோம் பூச்சின் அடியில் பெரும்பாலும் நிக்கல் இருக்கும், அது சிலர் தோலுக்கு ஒவ்வாது. பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது.

குளிர்சாதன வசதியுடன் சுழல் நடனமே முதன்மையாகக் கற்பிக்கும் கூடத்துக்குக் குரோம் பொருந்தும். ஜன்னல் காற்றை நம்பி, புதியவர்களைச் சேர்க்கும் கூடத்துக்குப் பித்தளையே ஏற்றது. எதை வாங்கினாலும், மேல்முனையைப் பொய்க்கூரையில் முட்டுக்கொடுக்காமல் உறுதியான கான்கிரீட்டிலேயே பொருத்த வேண்டும்.