வீடியோ எடிட்டிங் மென்பொருளை அப்டேட் செய்தபின் டைம்லைன் திக்குகிறதா? பழைய பதிப்புக்குத் திரும்புவதா, புதியதிலேயே பிராக்ஸி (எடிட் செய்வதற்கான இலகுவான வீடியோ நகல்) வைத்து வேலை செய்வதா?

எந்த வழியானாலும் முதலில் கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்து, மீடியா கேஷை (மென்பொருள் சேர்த்து வைக்கும் தற்காலிகக் கோப்புகளை) அழியுங்கள். ரெண்டரர் (காட்சியைக் கணக்கிட்டுக் காட்டும் பகுதி) அமைப்பு ஜிபியுவிலிருந்து (கிராபிக்ஸ் கார்டிலிருந்து) சாஃப்ட்வேருக்கு மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பல நேரம் இதோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால்தான் இந்தக் கேள்வி.

ப்ராஜெக்ட் கோப்பு
பழையது: சிக்கலே இங்குதான். புதியதில் சேமித்ததைப் பழையது திறக்காது. பிரீமியர் ப்ரோ மாற்றிய நகலைத் தனியாகச் சேமிக்கும். மூலக் கோப்பை மேலெழுதாதவர் தப்பித்தார். டாவின்சி ரிசால்வில் ப்ராஜெக்ட்கள் இருக்கும் டேட்டாபேஸே மாறும்; முன்பே பேக்கப் எடுக்காதவருக்கு வழி கடினம். எக்ஸ்எம்எல் (டைம்லைனை வேறு பதிப்புக்குக் கொண்டுசெல்லும் கோப்பு) வழியாகக் கட்கள் வந்து சேரும், எஃபெக்டும் கலரும் பெரும்பாலும் வராது.
பிராக்ஸி: கோப்புக்கு ஆபத்தில்லை.

இடம்
பழையது: நிறுவும் இடம் மட்டும்.
பிராக்ஸி: 1080பி, 30 ஃபிரேமில் புரோரெஸ் பிராக்ஸி (ஆப்பிளின் ஒரு வீடியோ வடிவம்) ஒரு மணி நேரக் காட்சிக்குச் சுமார் 20 ஜிபி. தனி எஸ்எஸ்டியில் வையுங்கள்.

எதைத் தீர்க்கும்
பழையது: புதிய பதிப்பின் பக், ஒத்துவராத பிளக்இன்.
பிராக்ஸி: எச்.265 (மிகவும் சுருக்கப்பட்ட வீடியோ வடிவம்) 10-பிட் 4:2:2 (கூடுதல் நிற விவரம் கொண்டது) போன்ற கனமான காட்சிகள். பல கிராபிக்ஸ் கார்டுகள் இதை டீகோட் செய்யாததால் (சுருக்கத்தை விரிக்காததால்) சுமை சிபியு மேல் விழும். எஃபெக்ட் அடுக்குகளால் வரும் திணறலை பிராக்ஸி ஓரளவே குறைக்கும்.

டெலிவரி நெருங்கியிருக்கிறது, பழைய ப்ராஜெக்ட் கோப்பும் கையில் இருக்கிறது என்றால் திரும்பிவிடுங்கள். புதிய பதிப்பில் பாதி வேலை முடிந்திருந்தால் பிராக்ஸிதான்.