மீன்கறிக்கு நாலு, லாச்சிக்கு ஒன்று

மட்டக்களப்பில் கல்லடிப் பாலம் தாண்டிக் கடற்கரைக்குத் திரும்பும் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை. பெயர் எழுதவில்லை, நான் அங்கே இன்னும் சாப்பிட வேண்டியிருக்கிறது. ஏ.எல் (உயர்தர வகுப்பு) பிள்ளைகளுக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான். ஏழு வருடமாக மதியச் சாப்பாடு அங்கேதான்.

சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கீரை, மீன்கறி. மீன்கறிதான் விஷயம். கொறுக்காய்ப்புளி போட்டு, முதற்பாலைக் கடைசியில் விட்டு இறக்குவார்கள். சோற்றின் நடுவில் குழி பறித்து ஊற்றினால் ஓரத்தில் எண்ணெய் மெல்லப் பிரிந்து நிற்கும். கடைசியில் எருமைத் தயிரும் பாணியும். ஐந்துக்கு நாலு தயங்காமல் கொடுப்பேன்.

ஒரு புள்ளியைக் குறைத்தது லாச்சிக்காக, அதாவது காசு போடும் மேசை இழுப்பறைக்காக. கடை மூன்று சகோதரர்களுடையது. முன்பு முறை வைத்துக் காசு வாங்குவார்கள், பின்னேரம் கணக்கில் சண்டை பிடிப்பார்கள். 2022இல் நாட்டில் கேஸ் தட்டுப்பாடாகி ஆட்கள் கியூவில் நின்ற காலத்தில் கடை நாலு நாள் பூட்டிக் கிடந்தது. மூத்தவர் விறகடுப்பு கட்டி, லாச்சித் திறப்பை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார். "மூணு மாசம்தான்" என்றார். கடையைக் காப்பாற்றியது அவர்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் இப்போது குசினியில் மூன்று சிலிண்டர் நிற்கிறது. திறப்பு இன்னும் இடுப்பில்.

வகுப்பில் பாகிஸ்தான் ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் எனக்கு இவர் முகம்தான். 1977 ஜூலை 5இல் பிரதமர் பூட்டோவைக் கவிழ்த்துவிட்டு 90 நாளில் தேர்தல் என்றார். 1988 ஆகஸ்டில் விமான விபத்தில் இறக்கும் வரைக்கும் கதிரையை விடவில்லை.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அண்ணன், எப்ப தம்பிமாருக்குக் குடுக்கப் போறீங்க?"

"குடுக்கலாம் சேர். ஆனா அவனுகள் நாலு நாளையில பழையபடி ஆக்கிருவானுகள். மறுகா பாப்பம்."

அவர் களவெடுக்கிற ஆள் இல்லை. பயம் உண்மையானதுதான். அந்தப் பயம் எப்போது தீர்ந்தது என்று தீர்மானிக்கிறவரும் அவரே என்பதுதான் சிக்கல். சரி, கொடுத்தவரும் இருக்கிறார் என்று கானா நாட்டு ராணுவ அதிகாரி ரோலிங்ஸ் கதையைச் சொன்னேன். 1979 ஜூனில் அதிகாரத்துக்கு வந்தவர், தேர்தலில் வென்ற லிமானிடம் செப்டம்பரிலேயே ஒப்படைத்தார். 1981 டிசம்பர் 31இல் திரும்பவும் பிடுங்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா சேர், குடுத்தவனும் கிறுகி வந்து எடுக்க வேண்டி வந்திட்டுதானே!"

உதாரணம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. லிமானுக்குக் கிடைத்தது வெறும் 27 மாதம், அதே ரோலிங்ஸ் 2000 டிசம்பர் தேர்தலில் எதிர்க்கட்சி வென்றபோது 2001 ஜனவரியில் மரியாதையாக ஒப்படைத்துவிட்டுப் போனார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பில் கட்ட ஆள் வந்துவிட்டது.

இதனால் வாடிக்கையாளருக்கு என்ன? போன செவ்வாய் அவர் சந்தைக்குப் போயிருந்தார். மிச்சம் 50 ரூபாய்க்கு நான் இருபது நிமிடம் நின்றேன். சின்னத் தம்பி பூட்டிய லாச்சியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபடி, "அண்ணன் வரட்டும் சேர்" என்றார். அவருக்கு வயது நாற்பதுக்கு மேல்.

மீன் சாப்பாடு 450 ரூபாய். பன்னிரண்டரைக்கு முன்னால் போங்கள், பிறகு தலைத் துண்டு கிடைக்காது. சில்லறை சரியாகக் கொண்டு போங்கள்.