கத்தி கறுத்திருந்தால் துரு என்று நம்பிக் கொடுத்துவிடாதீர்கள்

சாணை பிடிக்கக் கொடுத்த கத்தியைக் கெடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதற்கு 23 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வேறு. சிங்கப்பூரில் ஊர்க் கத்தி, அரிவாள்மனை, ஜப்பானியக் கார்பன் ஸ்டீல் (துருப்பிடிக்கக்கூடிய எஃகு) கத்தி என்று எது வைத்திருந்தாலும் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது அம்மா கொடுத்த கத்தி. திருப்பாச்சேத்தியில் கொல்லர் பட்டறையில் சொல்லி அடித்தது, லாரி ஸ்பிரிங் பட்டை. வருடக்கணக்காக வெங்காயமும் மாங்காயும் மீனும் நறுக்கி, அலகு முழுக்க நீலம் கலந்த சாம்பல் நிறம் ஏறியிருந்தது. வெளிச்சத்தில் திருப்பினால் புறாக் கழுத்து மாதிரி மினுங்கும். அம்மா அதைத் தேய்க்கவே விடமாட்டார்.

தேக்கா சந்தையில் வாங்கிய வஞ்சிரத் தலையை வெட்டியதில் வாய் மழுங்கிவிட்டது. வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் கொடுத்தேன். "அக்கா, இது முழுக்கத் துரு. இதில் நறுக்கிச் சாப்பிட்டால் உடம்புக்கு ஆகாது. மெஷினில் விட்டுப் புதுசாக்கித் தருகிறேன்" என்றார். சாணைக்கு 8 வெள்ளி, துரு எடுக்க 15. உடம்புக்கு ஆகாது என்றதும் பயந்து சரி என்றுவிட்டேன்.

திரும்பி வந்தபோது கண்ணாடி மாதிரி பளபளத்தது. அன்று இரவே சின்ன வெங்காயம் அரிந்தால் வெட்டிய இடமெல்லாம் கறுத்து, இரும்பு வாடை. கழுவித் துடைத்துத்தான் வைத்தேன். காலையில் அலகில் ஆரஞ்சுப் புள்ளிகள்! சிங்கப்பூர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். வெறும் இரும்பு எப்படித் தாங்கும்?

அவர்கள் துரு என்று சொல்லித் தேய்த்து எடுத்ததுதான் கத்திக்குக் காவலாக இருந்தது. செந்துரு சொரசொரப்பாக இருக்கும், உதிரும், உள்ளே உள்ளே தின்னும். காய்கறிப் புளிப்பு பட்டுப் பட்டு ஏறும் கருநீலமும் இரும்பு ஆக்சைடுதான். ஆனால் அது மெல்லிய படலமாக அலகோடு ஒட்டிக்கொண்டு செந்துரு பிடிப்பதை மெதுவாக்கும். உடம்புக்கும் ஒன்றும் செய்யாது. சந்தேகம் இருந்தால் வெள்ளை டிஷ்யூவால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். செம்பழுப்பாக ஒட்டினால் துரு. ஒன்றும் ஒட்டாமல் விரலுக்கு வழவழப்பாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

நிறம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், மறுபடி ஏறிவிடும். பதம், அதாவது கூரைத் தாங்கும் கடினம், போனதுதான் ஆறவில்லை. ஒரே வாரத்தில் தக்காளித் தோலில் வழுக்க ஆரம்பித்தது. உற்றுப் பார்த்தால் நுனிப் பக்கம் வாயை ஒட்டி, கட்டைவிரல் நகம் அகலத்துக்கு, வைக்கோல் நிறமும் அதையடுத்து ஊதா நீலமும். அது வெங்காயம் தந்த நீலம் இல்லை, சூடு தந்த நீலம். கொல்லர் தோய்ச்சல் போட்ட, அதாவது பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கிய கத்தியை, உடையாமல் இருக்க வழக்கமாக 200 டிகிரி செல்சியஸ் ஒட்டித்தான் மறுபடி சூடாக்கிப் பதம் வைப்பார்கள். தண்ணீர் காட்டாமல் மெஷின் கல்லில் அழுத்தினால் மெல்லிய வாய் நொடியில் 300 டிகிரியைத் தொட்டு நீலமாகும். அந்த இடம் இளகிவிடும், அப்புறம் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது.

போய்க் கேட்டேன். "பழைய கத்தி அக்கா, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிட்டார். ரசீதில் 'சாணை' என்று மட்டும்தான் இருந்தது. கொடுக்கும் முன் படம் எடுத்து வைக்கவில்லை. நீங்கள் கட்டாயம் எடுத்து வையுங்கள். தண்ணீர்க் கல்லில் கையால் தீட்டுவீர்களா என்று முதலில் கேளுங்கள். "வாயை மட்டும் தீட்டினால் போதும், அலகைத் தொடக்கூடாது" என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வேறொருவர் நீலம் ஏறிய பகுதியைக் கல்லிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுத்துத் தந்தார். கத்தி ஒரு நூல் அளவு குறுகிவிட்டது. இப்போது நறுக்கியதும் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி வைக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.