எங்கள் டவுன்ஷிப்பின் சேவைகளும் கோடை மாலைகளும்

நியூ ஜெர்சியில் நாங்கள் வசிக்கும் டவுன்ஷிப்பின் (நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்பு) சேவைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, கோடையில் பூங்காவில் நடக்கும் இலவச இசை நிகழ்ச்சிதான். மடக்கு நாற்காலியும் கொசுவிரட்டியும் எடுத்துக்கொண்டு போனால், கச்சேரி முடிவதற்குள் பக்கத்துத் தெருக்காரர்கள் நான்கு பேராவது அறிமுகமாகிவிடுகிறார்கள். மழையால் நிகழ்ச்சி ரத்தான செய்தி மட்டும் தாமதமாகவே வருகிறது; சென்ற ஆண்டு ஈரப் புல்தரையில் அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என நான்கு தவணைகளாகச் சொத்து வரியை டவுன்ஷிப்பே வசூலித்தாலும், அதில் பெரும்பகுதி பள்ளிகளுக்கும், மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவான கவுண்டிக்கும் போய்விடுவதால், வசூல் கவுன்டரில் இருப்பவரிடம் சண்டை போடுவது நியாயமன்று (நானும் ஒருமுறை போட்டிருக்கிறேன்). மறுசுழற்சி 1987 முதல் மாநிலம் முழுவதும் கட்டாயம். எங்கள் தெருவில் அட்டைப்பெட்டிகளைத் தட்டையாக மடித்து வைக்காவிட்டால் வண்டி எடுக்காமலே போய்விடும்.